டிபியாக இருக்க ஜெபிக்கவும்

டிபியாக இருந்தால் நல்லது என்று எனக்கு முதன்முதலில் சொன்னது பிலோமினா சிஸ்டர்தான். போன மாதம் பதினெட்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை, பகல் பன்னிரண்டரை மணி இருக்கும். இதே மாடிதான். அதோ, கைகழுவுகிற தொட்டி தெரிகிறதே, அதற்குப் பக்கத்தில் நின்று கையுறையைக் கழற்றிக்கொண்டே, "டிபியா இருக்கணும்னு ஜெபம் பண்ணுங்கம்மா" என்றார். நான் எதையும் என் இஷ்டத்துக்குச் செய்கிறவள் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொன்னதைச் செய்தேன். அவ்வளவுதான் நான் செய்த குற்றம்.

உட்காருங்கள். பையை மடியில் வைத்துக்கொள்வானேன், இந்தப் பக்கம் இடம் இருக்கிறது. ரிசல்ட் கவுண்ட்டர் மூன்று மணிக்குத்தான் திறப்பார்கள். இன்னும் முக்கால் மணி நேரம் கிடக்கிறது. உங்களுக்கு யாருக்கு? மாமியாருக்கா. காலில் ஆறாத புண்ணா. சரி, பரவாயில்லை. பரவாயில்லை என்று சொல்லக்கூடாதுதான். ஆனாலும் புண் என்றால் கண்ணுக்குத் தெரிகிறது பாருங்கள். இங்கே இருக்கிறது, இவ்வளவு இருக்கிறது என்று காட்டலாம். எனக்கு அதுகூட இல்லை.

என் மகள் பியூலாவுக்குத்தான். முப்பத்திரண்டு முடிந்துவிட்டது. நர்சரிப் பள்ளியில் எல்.கே.ஜி. டீச்சர். மாப்பிள்ளை மஸ்கட்டில் ஏ.சி. மெக்கானிக். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை முப்பது நாள் லீவில் வருவார். கல்யாணமாகி ஏழு வருஷம், இன்னும் பிள்ளை இல்லை. அதற்காக நான் போகாத ஜெபக்கூட்டம் இல்லை, இருக்காத உபவாசம் இல்லை. ஆண்டவருக்கு மனசிருந்தால் முப்பது நாள் போதாதா, நீங்களே சொல்லுங்கள். சரி, அது வேறு கதை. வேறு கதை என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவள் அப்பா தவறிய பிறகு நான் அவளோடுதான் இருக்கிறேன். மகன் சாலமோன் சென்னையில் இருக்கிறான். அங்கே இரண்டு மாதம் இருந்து பார்த்தேன். நான் காலை ஐந்து மணிக்கு ஜெபம் பண்ணினால் பக்கத்து வீட்டுக்காரர்கள் எழுந்துவிடுகிறார்களாம். மருமகள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நானும் சிரித்துக்கொண்டுதான் டிக்கெட் எடுத்தேன்.

பள்ளிக்கூட ஆண்டு விழா அன்றைக்கு, புறப்படுகிற அவசரத்தில், "எம்மா, இந்தச் செயின் கொக்கியை மாட்டிவிடு" என்று முதுகைக் காட்டிக் குனிந்தாள். மாட்டும்போது விரலில் தட்டியது. காதுக்குக் கீழே, கழுத்து ஓரமாக, புளியங்கொட்டை அளவு. அதற்குக் கீழே இன்னொன்று.

"ஏட்டி, நெறி கட்டியிருக்கே."

"கட்டட்டும்மா. பிள்ளைகளுக்கு மீசை வரையணும், நேரமாச்சு" என்று ஓடிவிட்டாள்.

நெறி சும்மா கட்டாது. உங்கள் வீட்டிலும் சொல்வார்கள்தானே? காலில் முள் குத்திப் புண்ணானால் தொடையிடுக்கில் கட்டும். கழுத்தில் கட்டினால் பல்லில் இருக்கும், தொண்டையில் இருக்கும், இல்லை தலையில் இருக்கும். எங்கேயோ ஒரு புண் இல்லாமல் நெறி வராது. மறுநாள் அவளை வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தேன். பல் எல்லாம் நல்ல பல். வாசலில் உட்காரவைத்துத் தலையைப் பிரித்துப் பார்த்தேன். எல்.கே.ஜி. பிள்ளைகளிடமிருந்து பேன் ஏறி, சொறிந்து புண்ணாகியிருக்கும் என்று நினைத்தேன். முப்பத்திரண்டு வயசுப் பெண் தலையைக் கொடுத்துவிட்டு, நோட்டுத் திருத்திக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

"என்ன கெடச்சுது?"

"ஒண்ணும் இல்லையே."

"அப்ப விடு."

நான் விடவில்லை. உப்பு ஒத்தடம் கொடுத்தேன். மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் போட்டேன். தோல்தான் சிவந்தது. நெறி வற்றவில்லை. புண் எங்கே என்று கடைசிவரை எனக்குப் பிடிபடவே இல்லை.

டாக்டர் முதலில் பத்து நாளைக்கு மாத்திரை கொடுத்தார். கரையவில்லை. அப்புறம் ஊசி வைத்து உறிஞ்சி எடுத்தார்கள். அந்த ரிசல்ட்டில் ஒன்றும் தெளிவாக இல்லை என்று சொல்லிவிட்டார்கள். பிறகுதான் ஒரு நெறியையே வெட்டி எடுத்து அனுப்பவேண்டும் என்றார். அதுதான் அந்தப் பதினெட்டாம் தேதி. டாக்டர் நல்ல மனிதர், ஆனால் எங்கள் முகத்தைப் பார்க்காமல் கம்ப்யூட்டரைப் பார்த்துத்தான் பேசுவார். "டிபியா இருக்கலாம். வேற மாதிரியும் இருக்கலாம். சில பேருக்குச் சும்மா வீக்கமாவும் இருக்கும். ரிசல்ட் வரட்டும், ரெண்டு வாரம் ஆகும்" என்றார். வேற மாதிரி என்றால் என்ன என்று பியூலா கேட்டாள். சொன்னார். அந்தப் பெயரை நான் வாயால் சொல்வதில்லை. இன்னொன்று என்றுதான் சொல்வேன். நீங்கள் புரிந்துகொள்வீர்கள்.

வெளியே வந்துதான் பிலோமினா சிஸ்டரைப் பிடித்தேன். "டிபியா? அது பெரிய நோய் இல்லையா, சிஸ்டர்?"

"இதுல அதுதான்மா சின்னது. ஆறு மாசம் மாத்திரை, முடிஞ்சுது. கவர்மெண்ட்லயே தர்றாங்க. நெறியில வர்ற டிபி இன்னொருத்தருக்கு ஒட்டாது. பயப்படாதீங்க. இன்னொண்ணுன்னாத்தான்..." என்று நிறுத்திவிட்டு, அந்த ஜெபம் பண்ணச் சொன்ன பேச்சைச் சொன்னார்.

அறுபத்திரண்டு வயசில் ஆண்டவரிடம் ஒரு நோயைக் கேட்டது அதுதான் முதல் தடவை. வாய் வரவே இல்லை, தெரியுமா? பழக்கமில்லாத ஜெபம். "கர்த்தாவே, என் மகளுக்கு..." என்று ஆரம்பித்துவிட்டு, அடுத்த வார்த்தைக்கு நாக்கு சுகத்துக்கே போகிறது. இழுத்துப் பிடித்துக் கொண்டுவந்து, "டிபியைத் தாரும்" என்று முடித்தேன். அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள்.

"எம்மா, இயேசப்பாகிட்ட டிபி கேக்கிற ஒரே ஆளு ஒலகத்திலேயே நீதான்."

"நல்ல டிபியாக் கேக்கேன், ஏட்டி. ஆறு மாசத்துல போற டிபி."

"லேசான டிபின்னு சேத்துச் சொல்லு. அவருக்கும் தெளிவா இருக்கட்டும்."

இரண்டு பேரும் சிரித்தோம். கழுத்தில் பிளாஸ்திரி ஒட்டியிருந்ததால் அவளால் தலையைச் சாய்த்துச் சிரிக்க முடியவில்லை, நேராக வைத்துக்கொண்டே சிரித்தாள். சிரித்து முடித்ததும் சொன்னாள், "இதை யார்கிட்டயும் சொல்லிராதம்மா. கோயில்ல முக்கியமா."

"நான் ஏன் சொல்லப்போறேன்" என்றேன்.

சொல்லவும் இல்லை. என் கூடப்பிறந்த அக்காளிடம் சொன்னேன், அவள் அந்நியமா? பெண்கள் ஐக்கிய சங்கத் தலைவி ரோஸ்லின் மைனியிடம் சொன்னேன், அது ஜெபத்துக்காக, ஊர்ப்பேச்சுக்காக இல்லை. வேறு யாரிடமும் வாயைத் திறக்கவில்லை.

நீங்கள் பொட்டு வைத்திருக்கிறீர்கள், எங்கள் கோயில் வழக்கம் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் விண்ணப்பச் சீட்டு என்று ஒன்று உண்டு. வாசலில் ஒரு பெட்டி இருக்கும். யாருக்கு என்ன கஷ்டமோ ஒரு துண்டுத்தாளில் எழுதிப் போடலாம். பிரசங்கம் முடிந்ததும் ஒவ்வொன்றாக வாசிப்பார்கள், சபை முழுக்க ஜெபம் பண்ணி ஆமென் சொல்லும். தனியாக நான் ஒருத்தி கேட்பதற்கும் நானூறு பேர் சேர்ந்து கேட்பதற்கும் வித்தியாசம் இல்லையா? கலெக்டர் ஆபீசுக்கு ஒருத்தி மனுக் கொடுத்தால் வாங்கி வைப்பார்கள், ஊரே திரண்டு போனால் எழுந்து வருவார்கள். அப்படித்தான் நான் நினைத்தேன்.

சீட்டில் பேர் எழுதினேனா? இல்லவே இல்லை. அதில் நான் எவ்வளவு கவனமாக இருந்தேன் தெரியுமா? "நர்சரிப் பள்ளியில் எல்.கே.ஜி. ஆசிரியையாகப் பணிபுரியும் ஒரு மகளுக்குக் கழுத்தில் கட்டியுள்ள நெறி டிபியாக இருக்க ஜெபிக்கவும். இப்படிக்கு, ஒரு தாய்." இவ்வளவுதான். இதில் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?

அன்றைக்குப் பார்த்து எங்கள் ஐயர் இல்லை. சபைப் போதகரை நாங்கள் ஐயர் என்போம். அவர் வேறு ஊர்க் கோயிலுக்குத் திருவிருந்து கொடுக்கப் போயிருந்தார். ஆசீர் உபதேசியார்தான் ஆராதனை நடத்தினார். உபதேசியார் என்றால் ஐயருக்கு அடுத்த நிலை. நல்ல மனிதர்தான், என்ன, எல்லாவற்றையும் திருத்துவார். பாட்டில் ராகம் தப்பினால் நிறுத்தித் திருத்துவார். என் சீட்டை எடுத்தார், கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார், பார்த்தார். இன்னொரு தடவை பார்த்தார். எட்டாங்கிளாஸ் படித்த பொம்பளை எழுத்தை விட்டுவிட்டாள் என்று முடிவு பண்ணிவிட்டார். யாராவது டிபியாக இருக்கவேண்டும் என்று எழுதுவார்களா? அதனால் அவராகவே திருத்தி, மைக்கில் வாசித்தார்: "டிபி வியாதியினால் அவதிப்படுகிற நம் சபையின் எல்.கே.ஜி. ஆசிரியை மகளைவிட்டு, அந்த டிபி முற்றிலும் அகன்று போகும்படியாக ஜெபிப்போம்."

அகன்று போகும்படியாக!

அத்தனை பேரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். அவர் உருகி உருகிக் கேட்கிறார். "அந்த டிபி அவளிடத்தில் இராதபடிக்கு!" ஆமென். "ஒரு துளியும் இராதபடிக்கு!" ஆமென். டிபி போய்விட்டால் அப்புறம் மிச்சம் இருப்பது எது? இந்த மனிதர் நல்லதை விரட்டி மற்றதை அல்லவா உள்ளே கூப்பிடுகிறார்? நானூறு பேர் சொன்ன ஆமென் போய் எங்கே நிற்கும்? வேறு எந்தத் தாயாக இருந்தாலும் சும்மா உட்கார்ந்திருப்பாளா?

எழுந்துவிட்டேன். "நிறுத்துங்க! டிபி போகணும்னு கேக்காதீங்க! டிபிதான் இருக்கணும்னு கேளுங்க!"

கண்ணைத் திறந்து நானூறு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். உபதேசியார் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, "என்னம்மா சொல்றீங்க?" என்றார்.

"சொன்ன ஆமெனைத் திரும்ப வாங்குங்க."

"அம்மா, உட்காருங்க. ஆண்டவருக்கு எல்லாம் தெரியும்."

"அவருக்குத் தெரியும். உமக்குத் தெரியலையே!"

என் பின்னால் இரண்டு பேர் பேசிக்கொண்டது நன்றாகக் கேட்டது. "சற்குணத்துக்கு என்ன, மருமவ மேல கோவமா?" "மருமவ இல்லக்கா, மவளுக்காம்." "பெத்த மவளுக்கா டிபி கேக்கா?" அதற்கு ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். யார் என்று எனக்குத் தெரியும். அவள் வீட்டுக் கல்யாணத்துக்கு நான் இரண்டு நாள் வெங்காயம் உரித்துக் கொடுத்திருக்கிறேன்.

பியூலா பாடகர் குழுவில் இருப்பவள். அவர்கள் முன்னால், சபையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள். பிளாஸ்திரி தெரியாமல் இருக்கத் துப்பட்டாவைக் கழுத்தைச் சுற்றிப் போட்டிருந்தாள். என்னைப் பார்த்த நானூறு பேரும் அப்படியே அவள் பக்கம் திரும்பி, அந்தத் துப்பட்டாவைப் பார்த்தார்கள். அவள் அசையவில்லை. அடுத்த பாட்டுக்கு எழுந்து நின்று, முழுப் பாட்டையும் பாடினாள். எனக்கு அது ஆறுதலாக இருந்தது. கோபம் இருந்தால் பாடுவாளா என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து, சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டாள்.

"ஏழு வருஷமா என் வயித்தை மைக்குல வச்சு ஜெபம் பண்ணிட்ட. இப்ப கழுத்தா?"

"மக்கா, நான் பேரே எழுதலியே."

"எல்.கே.ஜி. டீச்சர்னு எழுதினியாம்மா, இல்லியா?"

"அது வேலைதானே. பேரா?"

அவள் சிரித்தாள். அது வேறு சிரிப்பு. "அந்தக் கோயில்ல எத்தன எல்.கே.ஜி. டீச்சர் இருக்கா? ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் பிள்ளைப் பாக்கியத்துக்காக ஜெபிக்கவும், பிள்ளைப் பாக்கியத்துக்காக ஜெபிக்கவும். யாராவது என்னைப் பாத்தா முதல்ல வயித்தைப் பாக்காவ, பெறகுதான் மூஞ்சியைப் பாக்காவ. நாளையிலேருந்து கழுத்தைப் பாப்பாவ. நீ ஒண்ணு சொல்லு. சும்மா வீக்கமாவும் இருக்கலாம்னு டாக்டர் சொன்னாருல்ல? ஒண்ணுமே இல்லாம இருக்கணும்னு ஏன்ம்மா நீ கேக்கல?"

அதை அவளிடம் சொல்ல முடியாது. உங்களிடம் சொல்கிறேன், நீங்கள் யாரோ. ஏழு வருஷமாகப் பெரிதாகத்தான் கேட்டேன். முழங்காலில் தழும்பு விழக் கேட்டேன். ஒரு பிள்ளை, ஒரே ஒரு பிள்ளை. கொடுத்தாரா? பக்கத்து வீட்டில் வேண்டாம் வேண்டாம் என்கிறவளுக்கு மூன்றாவது பிறக்கிறது. பெரிதாகக் கேட்டால் அவர் காதில் விழாது என்று தெரிந்துகொண்டேன். அதனால் இந்தத் தடவை, கொடுக்கிறவருக்குக் கஷ்டமில்லாமல், நடுவில் இருப்பதைக் கேட்டேன். ஒன்றுமே இல்லாமல் இருக்கட்டும் என்று கேட்டு, அது பெரிய ஆசையாகப் போய், கோபத்தில் அவர் அந்த இன்னொன்றைக் கொடுத்துவிட்டால்? கடைக்காரனிடம் பேரம் பேசுகிற மாதிரி ஆண்டவரிடம் பேசுகிறேனே என்று எனக்கே அருவருப்பாகத்தான் இருந்தது. ஆனால் அப்படிப் பேச என்னைப் பழக்கியது யார்? சரி, விடுங்கள். ஆஸ்பத்திரியில் உட்கார்ந்துகொண்டு அவரைக் குறை சொல்லக்கூடாது.

திங்கட்கிழமை பத்து மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிட்டாள். எங்கள் சபைப் பிள்ளைகளே ஆறு பேர் அவள் வகுப்பில். பெற்றவர்கள் காலையிலேயே போய் நின்றுவிட்டார்களாம். ரிசல்ட் வரும்வரை லீவில் இருங்கள் டீச்சர் என்று ஹெச்.எம். அம்மா சொல்லியிருக்கிறார். "நெறியில வர்றது ஒட்டாதுன்னு சிஸ்டர் சொன்னாங்களே, நீ எடுத்துச் சொல்லலையா?" என்றேன். "சொன்னேன். 'உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், பேரண்ட்ஸுக்குத் தெரியுமா'ங்கா" என்றாள். பிறகு பீரோவைத் திறந்து, மூடினாள். திரும்பத் திறந்தாள். "ஒரு பிள்ளை மட்டும் கேட்டைப் பிடிச்சுக்கிட்டு டாட்டா காட்டினான்மா. அவங்கம்மா அவன் கையைப் பிடிச்சு எறக்கிட்டா" என்றாள்.

பெற்ற வயிறு கேட்குமா? மறுநாள், செவ்வாய்க்கிழமை, அவளுக்குத் தெரியாமல் நானே பள்ளிக்கூடத்துக்குப் போனேன். நல்ல சேலை கட்டிக்கொண்டு, பேசவேண்டியதை நோட்டில் எழுதி, இரண்டு தடவை வாசித்துவிட்டுப் போனேன். ஹெச்.எம். அம்மா உட்காரச் சொல்லி, தண்ணீர்கூடக் கொடுத்தார். நான் பொறுமையாகச் சொன்னேன். "மேடம், என் மகளுக்கு டிபின்னு இன்னும் முடிவாகல. யாரோ தப்பாச் சொல்லிட்டாங்க."

"அப்படியாம்மா? அப்ப டிபி இல்லையா?"

"இருந்தா நல்லதுன்னுதான் கேட்டுக்கிட்டிருக்கோம்."

அவர் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார். "இல்லன்னா?"

அதுவரைக்கும் நான் வாயால் சொன்னதே இல்லை. வீட்டுக்குள் சொன்னதில்லை, ஜெபத்தில் சொன்னதில்லை. ஆனால் அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார், மகளுடைய வேலை அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது. டிபி என்ற பழியை எப்படியாவது துடைக்கவேண்டும். சொல்லிவிட்டேன். "கேன்சராவும் இருக்கலாம் மேடம். அது ஒட்டவே ஒட்டாது."

அந்த அம்மா எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர்கூட வந்தது. நல்லவேளை, விஷயம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டுதான் நான் வீட்டுக்கு வந்தேன். ஆனால் எனக்கு முன்னால் போன் வந்துவிட்டது. ஒரு டீச்சர் இல்லை, எட்டு டீச்சர்கள். ஆறுதல் சொல்கிறார்களாம். ஒருத்தி முடி கொட்டுமா என்று கேட்டாளாம். மஸ்கட்டிலிருந்து மாப்பிள்ளையும் கூப்பிட்டிருக்கிறார். அவருக்கு யாரோ சொல்லி, "எங்கிட்ட ஏன் மறைச்ச?" என்று சத்தம் போட்டிருக்கிறார். ரிசல்ட் வந்த பிறகு நிதானமாகச் சொல்லலாம் என்று இவள் வைத்திருந்தாளாம்.

நான் உள்ளே நுழையும்போது துணியைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். கூட வேலை பார்க்கிற ஒரு டீச்சர் வீட்டு மாடியில் ஓர் அறை இருக்கிறதாம்.

"நான் நல்லதுக்குத்தானே போனேன், மக்கா?"

"தெரியும்மா. நீ எப்பவும் நல்லதுக்குத்தான் போவ."

"ரிசல்ட் வந்ததும்..."

"சொல்லமாட்டேன். உங்கிட்ட சொன்னா அது என் நோயா இருக்காதும்மா. சபை நோயா ஆயிரும். வாடகை கட்டியிருக்கேன், நீ இங்கயே இரு. ஃபிரிட்ஜ்ல மாவு இருக்கு. எனக்குப் போன் பண்ணாத."

எனக்கு மாவு அரைத்து வைத்துவிட்டுப் போகிறாள், பாருங்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. சண்டை போட்டுவிட்டுப் போயிருந்தால் நானும் இரண்டு வார்த்தை பேசியிருப்பேன். இன்றைக்கு ஒன்பது நாளாகிறது. என் நம்பரை எதிலோ போட்டுவைத்திருக்கிறாள், அடித்தால் மணியே போகமாட்டேன் என்கிறது. சாலமோனிடம் சொல்லி அழுதேன். ராத்திரி பேசுகிறேன் என்றான். ராத்திரி போனில் இரண்டு கை கூப்பின படம் ஒன்று வந்தது. நான் பெற்ற பிள்ளை எனக்குக் கையெடுத்துக் கும்பிடு அனுப்புகிறான். உபதேசியார் வீட்டுக்கு வந்து, "நான் வாசிச்சது தப்புத்தான், மன்னிச்சுக்கோங்க" என்றார். மன்னித்தேன் என்று சொன்னேன். மன்னிக்கவில்லை. எழுதினதை எழுதினபடி வாசித்திருந்தால் இவ்வளவு வருமா? சபையார் சிலர் ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்தார்கள். உள்ளே வரச் சொன்னால் செருப்பு அழுக்கு என்று வாசலிலேயே நின்று, பையை நீட்டிவிட்டுப் போனார்கள். மழை பெய்து பத்து நாளாகிறது, செருப்பில் என்ன அழுக்கு?

இப்போது நான் எதற்கும் ஜெபம் பண்ணுவதில்லை. பண்ணுகிறேன், ஆனால் கேட்பதில்லை. முழங்காலில் நிற்கிறேன், வாய்க்கு வருவதெல்லாம் "கர்த்தாவே" என்ற ஒரே வார்த்தை. அதற்கு மேல் எதைச் சொன்னாலும் யாராவது திருத்தி வாசித்துவிடுவார்கள் என்று பயமாக இருக்கிறது.

ரிசல்ட் இன்றைக்கு வரும் என்று எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? ஆஸ்பத்திரியில் கொடுத்த சீட்டை அவள் ஃபிரிட்ஜ் மேலே வைத்திருந்தாள். அவள் குளிக்கப் போனபோது பார்த்து நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன். வியாழக்கிழமை, மூன்று மணிக்கு மேல். காலையில் பத்து மணிக்கே வந்துவிட்டேன். காலையில் சாம்பிள் வாங்க உட்கார்ந்திருந்த கவுண்ட்டர் பையனிடம், நான் அவளைப் பெற்றவள், என்னிடம் கொடுங்கள் என்று கேட்டேன். ரசீதைக் கொண்டு வாங்க, இல்லன்னா பேஷண்ட்டே வரணும் என்று சொல்லிவிட்டான். பெற்றதற்கு ரசீது இல்லையே!

போன் அடிக்கிறது, ஒரு நிமிஷம்... ஆமா மைனி. இல்ல மைனி, இன்னும் தெறக்கல. சரி, சரி. தெரிஞ்சதும் சொல்லுதேன். வைக்கேன்.

ரோஸ்லின் மைனிதான். சங்கத்துப் பெண்கள் பன்னிரண்டு பேர் இன்றைக்கு உபவாசம் இருக்கிறார்கள். ரிசல்ட் தெரிந்த பிறகுதான் கஞ்சி குடிப்பார்களாம். நான் கேட்கவில்லை, அவர்களாகவே இருக்கிறார்கள். இன்றைக்கு ரிசல்ட் என்று மைனியிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன். பாவம், சர்க்கரைக்காரி ஒருத்தியும் அதில் இருக்கிறாள். அவர்கள் பட்டினி கிடக்கும்போது தெரிந்ததைச் சொல்லாமல் எப்படி இருப்பது? ஆனால் சொல்லமாட்டேன். இந்தத் தடவை எனக்குத் தெரிந்தால் போதும், யாரிடமும் சொல்லமாட்டேன். நல்ல செய்தியாக இருந்தால் மைனிக்கு மட்டும்.

மணி மூன்றா? திறந்துவிட்டார்கள். நீங்கள் போய் வரிசையில் நில்லுங்கள், உங்கள் மாமியாருடையதை வாங்கவேண்டாமா?

இல்லை, இருங்கள். கொஞ்சம் இருங்கள். படியில் வருவது அவள்தான். எனக்கு நடை தெரிகிறது. இடது கையில் பையை மாட்டிக்கொண்டு, படிக்குப் படி நின்று வருகிறாளே, ஊதா நிறச் சுடிதார், அவள்தான். யாரும் கூட வரவில்லை போலிருக்கிறது. இதற்குக்கூட ஒருத்தரையும் கூட்டிக்கொண்டு வரவில்லை. மெலிந்திருக்கிறாளா? உங்களுக்கு எப்படித் தெரியும், முன்னே பார்த்ததில்லையே.

நான் அந்தத் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொள்கிறேன். என்னைப் பார்த்தால் வாங்காமலே திரும்பிப் போய்விடுவாள். நீங்கள் வரிசையில் அவளுக்குப் பின்னால் நில்லுங்கள். அவளிடம் ஒன்றும் பேசவேண்டாம், பேப்பரில் என்ன எழுதியிருக்கிறது என்று எட்டிப் பார்க்கவும் வேண்டாம். எனக்குக் கண்ணில் புரை, தூணுக்குப் பின்னாலிருந்து ஆள் தெரியும், முகம் தெரியாது. அவள் உறையைப் பிரித்து வாசித்து முடிக்கும்போது முகத்தை மட்டும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். அவள் படியிறங்கின பிறகு என்னிடம் வந்து, முகம் எப்படி இருந்தது என்று சொன்னால் போதும்மா.